நல்ல நேரத்தில் தொடங்கிய இதயம்

அங்கயற்கண்ணியின் இதயத்துக்கு ஒரு அப்டேட் வந்திருந்தது. அது ஏற மறுத்தது.

அருப்புக்கோட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் அவள் கணவர் கார்மேகம் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போனிலேயே அப்டேட் ஒரே தடவையில் ஏறுவதில்லை, இதயத்தில் மட்டும் ஏறிவிடுமா என்று இருந்துவிட்டார். மனைவியின் இடுப்பில் கட்டியிருந்த பெட்டியின் சின்னத் திரையில் மறுபடியும் மறுபடியும் "உரிமம் சரிபார்க்கப்படவில்லை. மேம்படுத்தல் நிறுத்தப்பட்டது" என்று சிவப்பாக வந்த பிறகுதான் உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

அந்த அழைப்பு சென்னைப் பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவுக்குப் போனது. தூத்துக்குடிப் பெண். உரிமச் சிக்கல்களைத் தீர்த்துவைப்பது அவள் வேலை. இதயத்துக்கெல்லாமா உரிமம் என்று கேட்பவர்களுக்கு அவள் ஒரு பதில் வைத்திருந்தாள். இதயம் உங்களுடையது. அதற்குத் துணையாக நெஞ்சுக்குள் வைத்திருக்கும் பம்பும் நீங்கள் வாங்கியது. எப்போது அடிக்க வேண்டும், எவ்வளவு அடிக்க வேண்டும் என்று பம்புக்குச் சொல்லிக்கொடுக்கிற மென்பொருள் மட்டும் கம்பெனியுடையது. இதைச் சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். சம்பளம் ஏறும் நாளில் அந்தக் கூச்சம் குறையும்.

"பெட்டியில சார்ஜ் பாதிக்கு மேல இருக்கா சார்?"

"ஃபுல்லா இருக்கு மேடம்."

"வீட்ல நெட் நல்லா கிடைக்குதா?"

"பக்கத்து வீட்டுப் பயலுக எல்லாம் நம்ம நெட்லதான் படம் பாக்குறானுங்க."

"பெட்டியை ஒருதடவை ஆஃப் பண்ணி..."

"ஆஃப் பண்ணச் சொல்றீங்களா? மேடம், அது எம் பொண்டாட்டி."

"திரையை மட்டும் சார். பம்ப் அதுபாட்டுக்கு ஓடும். பயப்படாதீங்க."

திரையை அணைத்து ஏற்றினார்கள். பெயர் சரியாக இருந்தது, பிறந்த தேதி சரியாக இருந்தது, பெட்டியின் எண் சரியாக இருந்தது. சிவப்பு எழுத்து மட்டும் போகவில்லை. ஜெசிந்தாவின் மேசையில் ஒட்டியிருந்த வழிமுறைகள் அத்தோடு தீர்ந்துபோயின.

"அப்டேட் போடாமலே ஓட்டினா என்ன மேடம்? பத்து வருஷமா நல்லாத்தானே ஓடுது?" என்று கார்மேகம் கேட்டார். குரலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

"அவங்களுக்கு மயக்கம் ஏதாச்சும் வருதா சார்?"

"போன வாரம் ஸ்கூல்ல கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தவ, அப்படியே போர்டைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்துட்டா. அதுக்கு முன்னாடி வாரம் மாடிப்படியில. வெயில்னு சொன்னா."

"வெயில் இல்ல சார். பழைய வெர்ஷன் ரொம்ப வருஷம் ஓடுனா தாளம் தப்ப ஆரம்பிக்கும். ஒரு அடி முந்தும், ஒரு அடி பிந்தும். அதைச் சரிபண்ணத்தான் இந்த அப்டேட்டே வந்திருக்கு. போடலைன்னா..." என்று சொல்லி ஜெசிந்தா நிறுத்திக்கொண்டாள். வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாத வாக்கியங்களுக்கென்று அந்த அலுவலகத்தில் தனிப் பயிற்சியே உண்டு. "நான் பதிவை எடுத்துப் பாத்துட்டுக் கூப்பிடுறேன் சார்."

பதிவில் விஷயம் கிடைத்தது. பெட்டி ஒவ்வொன்றுக்கும் கம்பெனியின் சர்வர் ஒரு உரிமத்தை உண்டாக்கி அனுப்பும். அதைப் பெட்டியில் ஏற்றிய பிறகுதான் பம்ப் அடிக்கத் தொடங்கும். அங்கயற்கண்ணியின் உரிமம் பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை பன்னிரண்டு இருபதுக்குப் பிறந்திருந்தது. அவள் பம்ப் அடிக்கத் தொடங்கிய நேரம் அதே புதன்கிழமை பதினொன்று ஐம்பது. பிள்ளை பிறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே அதற்குக் காது குத்தியாகிவிட்டது.

ஜெசிந்தா தன் மேலதிகாரி ஷாநவாஸிடம் திரையைக் காட்டினாள். பதவியில் மட்டும் மேலே இருப்பவர், மற்றபடி நல்ல மனிதர்.

"கடிகாரத்தைத் திருப்பியிருக்காங்க. பழைய வெர்ஷன் இந்த ரெண்டு நேரத்தையும் ஒப்பிட்டே பாக்காது. புதுசு பாக்குது. அதான் நிக்குது" என்றார்.

"அதனால என்ன சார்? அரை மணி நேரம் முன்ன பின்ன இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

"ஏன் பாக்குதுன்னு தெரியுமா? சில ஊர்கள்ல செத்தவங்க நெஞ்சுல இருந்து பம்பை எடுத்து, பெட்டியோட கடிகாரத்தைப் பின்னாடி திருப்பி, பழைய உரிமத்திலேயே இன்னொருத்தருக்கு வச்சிருக்காங்க. அதைப் பிடிக்கத்தான் இந்தச் சோதனை. நேரம் முரணா இருந்தா அது திருட்டுப் பெட்டி. மெஷினுக்கு அவ்வளவுதான் தெரியும்."

"இவங்க டீச்சர் சார். உயிரோட இருக்காங்க. சொந்தப் பெட்டி."

"எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியுது. மேல இருக்கறவங்க என்ன சொல்வாங்க தெரியுமா? நாங்க யாரோட இதயத்தையும் நிறுத்தல, அப்டேட்டைத்தான் நிறுத்தியிருக்கோம்னு சொல்வாங்க."

ஜெசிந்தாவுக்கு அந்தப் புதன்கிழமை உறுத்திக்கொண்டே இருந்தது. மத்தியானம் தமிழ்நாட்டின் எல்லாப் பெட்டிகளும் தொடங்கிய நேரத்தை எடுத்துக் கிழமைவாரியாகப் படம் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு கிழமையிலும் ஒரு வெற்றிடம் இருந்தது. திங்கள் காலையில், செவ்வாய் மாலையில், புதன் நண்பகலில், வெள்ளி பத்தரைக்கு மேல். அவள் வீட்டில் வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் தினசரிக் காலண்டரின் தாளில் கீழே பொடி எழுத்தில் போட்டிருக்குமே, அதே நேரங்கள். இத்தனை ஆண்டுகளில் இந்த மாநிலத்தில் ராகு காலத்தில் ஒரு பம்ப்கூட அடிக்கத் தொடங்கியிருக்கவில்லை. காத்திருக்க முடிந்தவர்கள் காத்திருந்திருக்கிறார்கள். நெஞ்சைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருக்க முடியாதவர்கள் கடிகாரத்தைத் திருப்பியிருக்கிறார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்டேட் இன்னும் பாதிப் பேருக்குத்தான் போயிருக்கிறது என்று நினைவு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் கார்மேகத்தைக் கடை எண்ணிலேயே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஆபரேஷன் அன்னிக்கு ராகு காலத்துலயா பம்பைத் தொடங்குனாங்க?"

பின்னால் ஒரு பெயிண்ட் டப்பாவைக் குலுக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் போய் அதை நிறுத்திவிட்டு வந்தார்.

"அது எப்படி மேடம் உங்களுக்குத் தெரியும்?"

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அவளுக்கு அன்னிக்கு இழுத்துக்கிட்டு இருந்துச்சு மேடம். டாக்டர் பன்னெண்டரைக்குப் பம்பை ஓட்டணும்னுட்டாரு. புதன்கிழமை பன்னெண்டரை. நான் தியேட்டர் வாசல்ல அந்த டெக்னீசியன் காலைப் பிடிச்சிட்டேன். அவரு நல்ல மனுசன். 'தியேட்டருக்குள்ள சிக்னல் வராது அண்ணாச்சி, டைம் நாந்தான் கையால போடணும். உங்களுக்காகப் பதினொண்ணு அம்பதுன்னே போட்டுடறேன். வெளிய வந்ததும் அதுவே சரியான டைம் எடுத்துக்கும், யாருக்கும் தெரியாது. நிம்மதியா இருங்க'ன்னாரு. பத்து வருஷமா நான் நிம்மதியாத்தான் மேடம் இருந்தேன். அதனாலதான் அவ பொழச்சான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

ஜெசிந்தா உரிமம் பிறந்த நேரத்தையும் பம்ப் தொடங்கிய நேரத்தையும் எடுத்துச் சொன்னாள். முடிந்தவரை மெதுவாகத்தான் சொன்னாள்.

"அப்ப நாந்தான் கெடுத்தேனா?"

"யாரும் வேணும்னு கெடுக்கல அண்ணாச்சி."

"அவகிட்ட சொல்லிறாதீங்க மேடம். அவளுக்கு இதெல்லாம் அறவே புடிக்காது. டப்பா தொறக்கக்கூட காலண்டர் பாப்பீங்களான்னு கிண்டல் பண்ணுவா. என்னால அவ உசுருக்கு இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா... அவ ஒண்ணும் சொல்லமாட்டா. அதான் எனக்குத் தாங்காது. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

பத்தாண்டுகளில் இரண்டாவது முறையாக அவர் ஒருவர் காலைப் பிடித்தார். ஜெசிந்தாவும் நல்ல மனுஷிதான். சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஷாநவாஸ் மேலே எழுதி, கெஞ்சி, ஒரு விதிவிலக்கு வாங்கித் தந்தார். உரிமத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை, ஆனால் நான்கு நிமிடம் பம்ப் நிற்கும். அந்த நான்கு நிமிடமும் அங்கயற்கண்ணியின் சொந்த இதயம் தனியாக ஓட வேண்டும். மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் பரிசோதித்துவிட்டு, "ஒருமுறை தாங்கும். இன்னொரு முறை என்கிட்ட வந்து நிக்காதீங்க" என்றார். கம்பெனியும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. ஒரு பெட்டிக்கு ஒரு மன்னிப்பு, அடுத்து நேரம் முரண்பட்டால் அப்டேட்டுக்கு நிரந்தரத் தடை. புதிய உரிமத்துக்குக் கொடுத்த நேரம் வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டுக்குள். அந்த நேரத்தில்தான் கம்பெனியின் வெளிநாட்டுச் சர்வரில் கூட்டம் குறைவாம்.

"வேற நேரம் கெடைக்காதா மேடம்?" என்று கார்மேகம் கேட்டார். கேட்ட வேகத்திலேயே, "வேணாம் வேணாம். அதுவே இருக்கட்டும். இந்தத் தடவை நான் வாயைத் தொறக்கமாட்டேன். என் குலசாமி மேல சத்தியம்" என்றார்.

ஜெசிந்தா ஆஸ்பத்திரிக்கான வேலை உத்தரவை எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில், 'முந்தைய முறை ராகு காலத்துக்காகக் கடிகாரம் திருப்பப்பட்டது, ஆகவே எக்காரணம் கொண்டும்' என்று அடித்தாள். அந்தத் தாளின் ஒரு பிரதி நோயாளிக்கும் போகும் என்பது அப்போதுதான் உறைத்தது. அழித்துவிட்டு 'பதிவுக் கோளாறு' என்று போட்டாள். கடிகாரத்தைக் கையால் மாற்றக்கூடாது என்பது எப்படியும் அச்சிட்ட விதிகளில் இருக்கிறது. பத்தாண்டுகளுக்கு முன்பும் இருந்தது.

வியாழக்கிழமை அங்கயற்கண்ணியே கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். மூச்சு வாங்கினாலும் பேச்சில் வகுப்பறை இருந்தது.

"ஏம்மா ஜெசிந்தா, என் இதயத்துல என்ன தப்புன்னு யாருமே ஒழுங்காச் சொல்லமாட்டேங்கறாங்க. நீயாவது சொல்லு. கணக்கு டீச்சர், எனக்குப் புரியும்."

"பழைய பதிவுல ஒரு சின்னக் கோளாறுக்கா."

"சின்னக் கோளாறுக்கா நாலு நிமிஷம் நிறுத்தறீங்க?"

ஜெசிந்தாவுக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்தது. "நாளைக்கு எல்லாம் சரியாயிரும்க்கா" என்றாள்.

"ஆகட்டும். எனக்கு என்னை நெனச்சுப் பயமில்ல. இந்த மனுஷனை நெனச்சாத்தான்." குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு ராகு காலத்துல பண்றாங்களாம்ல? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கல. வழக்கமா ஆடித் தீர்த்திருப்பாரு. மூணு நாளா காலண்டர் பக்கமே போகல, தாளைக்கூடக் கிழிக்கல. நான் கிண்டல் பண்ணுவேன்னு அடக்கிக்கிட்டு இருக்காரு. ராத்திரி எந்திரிச்சு என் பெட்டியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அழுதாருன்னு வச்சுக்க, ஏதாச்சும் சொல்லித் தேத்தலாம். அழவும் மாட்டேங்கறாரு."

"நீங்க தைரியமாப் போயிட்டு வாங்கக்கா" என்று மட்டும் சொன்னாள் ஜெசிந்தா. வேறு என்ன சொன்னாலும் அது விஷயத்தில்தான் போய் முடியும் என்று பயந்தாள்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு உரிமம் பிறந்தது. ஜெசிந்தாவின் திரையில் பச்சைப் புள்ளியாக வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தியேட்டருக்குள் சிக்னல் கிடையாது. பெட்டி வெளியே வந்தால்தான் தகவல் வரும். அவள் மற்ற அழைப்புகளை எடுத்தாள். யாருக்கு என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஷாநவாஸ் டீ கொண்டுவந்து வைத்தார். அது ஆடை கட்டிப்போயிற்று.

பதினொன்றரைக்குக் கார்மேகம் கூப்பிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முதலில் பிடிபடவில்லை.

"முடிஞ்சிருச்சு மேடம்! நாலு நிமிஷமும் அவ சொந்த இதயமே தாங்கிருச்சாம். டாக்டர் வந்து எங் கையைப் புடிச்சுக் குலுக்கினாரு. நட்ட நடு ராகு காலம் மேடம்! ஒண்ணும் ஆகல. பத்து வருஷமா எப்பேர்ப்பட்ட மடையனா இருந்திருக்கேன்!"

"ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா. கண் கலங்கிவிட்டது. "வார்டுக்கு வந்ததும் அப்டேட் தானா ஏற ஆரம்பிக்கும். நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்."

மாலையில் அதே எண்ணிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. இந்த முறை அங்கயற்கண்ணி. மருந்து மயக்கம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

"இப்பத்தான் வார்டுக்குக் கொண்டுவந்தாங்க. அவரு காப்பி வாங்கப் போயிருக்காரு. அதுக்குள்ள உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக்கூடாது."

"சிரிக்கலக்கா. சொல்லுங்க."

"நாளைக்கோ நாளான்னைக்கோ பயம் வந்து, ராகு காலத்துல தொடங்குனதுதானேன்னு மனுஷன் உள்ளுக்குள்ளயே அரிச்சுப் போயிருவாரு. சாதாரணத் தலைவலி வந்தாக்கூட அதனாலன்னு நெனப்பாரு. எனக்குத் தெரியும். அதனால மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடி அந்த டெக்னீசியன் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். 'தம்பி, மணி பத்து இருபதுன்னு போட்டுரு'ன்னேன். அச்சிட்டுத் தர்ற தாள்ல அதான் வரும். என்னிக்காவது பயந்தார்னா எடுத்துக் காட்டலாம்ல, நல்ல நேரத்துலதான் தொடங்குச்சுன்னு." மூச்சு வாங்கினாள். "அந்தப் பையன் சிரிச்சான். எல்லாரும் கேக்கறதுதான்க்கான்னான். வாழ்நாள்ல நான் நேரம் பாத்தது இதான் முதல் தடவை. அவருகிட்ட நீ சொல்லிறாத, என்னம்மா?"

ஜெசிந்தாவின் திரையில் பெட்டியின் தகவல் வந்து நின்றது. உரிமம் பிறந்தது பத்து நாற்பத்தைந்து. பம்ப் தொடங்கியது பத்து இருபது. அதன் கீழே சிவப்பில் ஒரு வரி. நிரந்தரம் என்ற சொல்லை மொழிபெயர்த்தவர்கள் சரியாகத்தான் மொழிபெயர்த்திருந்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். இரண்டு மேசை தள்ளி ஷாநவாஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். திரையைப் பார்த்தார். "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார்.

"ஜெசிந்தா? லைன்ல இருக்கியாம்மா?"

"இருக்கேன்க்கா."

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கார்மேகத்தின் குரல் வந்தது. "யாரு, நம்ம மேடமா? குடு குடு." போன் கை மாறியது. "மேடம், இவ காப்பி கேக்கறா! டாக்டரு ரெண்டு வாய் குடுக்கலாம்னுட்டாரு. இந்தப் பெட்டியில மட்டும் என்னமோ செவப்பா ஒரு எழுத்து வருது. அப்டேட் ஏறிக்கிட்டு இருக்குன்னு அர்த்தமா?"

இவர் அவளிடம் சொல்லாதே என்றார். அவள் இவரிடம் சொல்லாதே என்கிறாள். இவரிடம் சரி என்றது ஜெசிந்தாதான். அந்தச் 'சரி'க்கும் இந்த ரகசியத்துக்கும் நடுவில்தான் அந்தப் பெட்டி கிடந்து சிவந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாத வாக்கியங்கள் எல்லாம் ஜெசிந்தாவுக்கு மனப்பாடம். இனி அதில் எதுவும் பாக்கி வைக்கப்போவதில்லை என்று முடிவு செய்தாள்.

"அண்ணாச்சி, போனை ஸ்பீக்கர்ல போடுங்க. அக்காவும் கேக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கணும்."

"அதுக்கென்ன மேடம்" என்றார் அவர். தம்ளரை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. கட்டில் கிரீச்சிட்டது. மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். "இந்தா, போட்டுட்டேன். ரெண்டு பேருக்கும் கேக்குது. சொல்லுங்க மேடம், நல்ல சேதிதானே?"